ஒருவர் வாயால் மட்டும்

காலேஜ் கேட்டுக்கு முன்னால் உறுமி மேளம் நின்றுபோன அந்த நிமிஷம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். தைப்பூசத்துக் காலை. பிரிக்பீல்ட்ஸ் ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொண்டு பத்துமலைக்கு நடையாகப் புறப்பட்ட எங்கள் ரயில்வே லைன் வீட்டுக் கூட்டம், போகிற வழியை விட்டு விலகி அந்த மேட்டில் ஏறியிருந்தது. கேட்டில் காவல் நின்ற ஜாகா சிங் தடியைக் குறுக்கே நீட்டி மலாயில், "தீகா ஓராங் சாஜா" என்றார். மூன்று பேருக்கு மேல் உள்ளே சேர்ந்து நிற்கக் கூடாதாம், காலேஜ் விதி. உறுமிக்காரர் பெருத்த ஆள். "நானே மூணு ஆள் கனம் இருப்பேன் சிங்கே, அப்ப நான் ஒருத்தன் போனாப் போதுமா?" என்று கேட்டுச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மேளம் நின்றதும் வெயில் திடீரென்று பலமாக அடிப்பதுபோல இருந்தது. தலையில் இருந்த பால்குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தம்பியின் முழங்கையைப் பிடித்து, நான் உள்ளே நடந்தேன்.

தம்பி என்றால் என் வீட்டுக்காரருடைய தம்பி. நான் கிள்ளானிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு அடுப்படியில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்த பையன். தாய் இல்லாத வீடு அது. அவனுக்குச் சோறு போட்டு, தலை வாரி, இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது நான்தான். ரோடும் பாலமும் கட்டுவதற்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் அந்தக் காலேஜில் அவனுக்கு இடம் கிடைத்த அன்று, ரயிலில் கரி அள்ளிப் போடும் என் வீட்டுக்காரர் லைன் முழுக்கக் கல்கண்டு கொடுத்தார். கரி படாத கையோடு ஒருத்தன் நம் வீட்டிலிருந்து வேலைக்குப் போவான் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. தம்பி விடுதியில் தங்கிப் படித்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான்.

அலகு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தலைப்பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. நானும் பிழைக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து அழுதாராம். தம்பி அழாமல் கோயிலுக்கு ஓடினான். அண்ணி பிழைத்தால் மூன்று வருஷம் தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு குத்திக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து பத்துமலைக்கு நடந்து வருகிறேன், மேலே குகையில் பூசாரி அலகை எடுக்கும்வரை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வேண்டிக்கொண்டான். நான் பிழைத்தேன். இரண்டு வருஷம் குறையில்லாமல் முடிந்தது. இது மூன்றாவது, கடைசி வருஷம். நடுவழியில் அலகை எடுத்தால், யாருடைய உயிருக்காக வேண்டுதல் வைத்ததோ அந்த உயிருக்கு ஆகாது என்பது எங்கள் லைனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானும் அதை நம்பினேன். இன்றும் நம்பாமல் இல்லை.

அந்த வருஷம் விடுதிக்குக் கேரித் தீவுத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். தகப்பன் இல்லை, தாய் ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள். தோட்டத்திலிருந்து அந்தக் காலேஜுக்கு வந்த முதல் பிள்ளை அவன்தான். விடுதிச் சோற்றில் புழு கிடந்ததை ஒருநாள் எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அவன் மட்டும் எழுந்து சத்தமாகச் சொல்லிவிட்டான். வார்டன் ஐயா அவனைக் கொடிக்கம்பத்தின் கீழே வெயிலில் நிற்க வைத்தார். "சோறு நல்லா இருக்குன்னு சொல்லு, வந்து உக்காந்துக்க" என்றாராம். பையனுக்கு அன்று காய்ச்சல். "புழு இருக்குங்க சார், இருக்கறத இல்லன்னு எப்படிங்க சார் சொல்றது?" என்று அவன் கெஞ்சிக் கெஞ்சித்தான் சொன்னான், எதிர்த்துச் சொல்லவில்லை என்று தம்பி சொல்வான். மத்தியானம் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பி வரவில்லை. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த காய்ச்சல், காலேஜுக்குச் சம்பந்தமில்லை என்று ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று விடுதிப் பையன்கள் அத்தனை பேரும் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு சத்தமும் போடாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அதற்குக் காலேஜை நடத்தும் வெள்ளைக்காரர், பெரிய துரை, எல்லாரையும் மைதானத்தில் நிறுத்திப் பேசினார். என் காலேஜில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் ஒழுங்கோடு பேசவேண்டும் என்றார். அந்த ஒழுங்கைப் பலகையில் ஒட்டினார்கள். மூன்று பேருக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. பலர் கையெழுத்துப் போட்ட காகிதம் வாங்கப்படாது. குறை இருந்தால் ஒருவர், ஒரே ஒருவர், தன் வாயால், இங்கிலீஷில், துரையிடம் நேரே சொல்ல வேண்டும். எப்போது கூப்பிடுகிறார்களோ அப்போது வர வேண்டும். வராவிட்டாலும், வந்து பேசாவிட்டாலும் புகார் பொய். பொய்ப் புகார் கொடுத்தவனுக்குக் காலேஜில் இடமில்லை.

பையன்கள் தம்பியைத்தான் பேசச் சொன்னார்கள். அவன் இங்கிலீஷ் நன்றாக இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பேச விடறாங்களே அண்ணி! தொர காதால கேட்டா நியாயம் செய்வாரு" என்றான். என் வீட்டுக்காரர் கொல்லையில் கரி போக முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒரே வாய்னா அடைக்க லேசுடா" என்றார் அங்கிருந்தே. தம்பிக்குக் கோபம் வந்தது. படிக்காதவர்கள் இப்படித்தான் எதையும் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்திருப்பான். தட்டில் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோனான்.

விசாரணை தைப்பூசத்தன்று என்று சொன்னார்கள். நேரம் சொல்லவில்லை. தம்பி நேராக வார்டன் ஐயாவிடமே போனான். அவர் யார் என்று சொல்ல வேண்டும். அவர் நம் ஆள். காலேஜில் கோட்டும் டையும், கோயிலில் வேட்டியும் துண்டும். கோயில் கமிட்டியில் பெரியவர். சந்நிதியில் நின்று பாடினால் எனக்குக் கண்ணீர் வரும், பொய் சொல்லவில்லை. அவர் வந்தால் நாங்கள் எழுந்து நிற்போம். அலகு குத்தும் பிள்ளைகளுக்கு ஆற்றங்கரையில் விபூதி பூசி அனுப்புவது அவர்தான். இரண்டு வருஷமும் தம்பிக்கு அவர் கையால்தான் விபூதி. அதனால் தம்பி ஒளிவு மறைவில்லாமல் எல்லாம் சொன்னான். வேண்டுதல் இன்னாருக்காக, இது கடைசி வருஷம், மேலே போய் அலகை எடுக்கும்வரை பேச முடியாது, விசாரணைக்கு வேறு நாள் தாருங்கள் சார். அவர் தம்பியின் தோளைத் தட்டி, "முருகன் காரியம் முதல்லப்பா. அன்னைக்குக் கூப்பிட மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். நெற்றியில் விபூதி இருக்கும்போது சொன்ன வார்த்தை. எங்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? துரை சொல்லியிருந்தால்கூட இரண்டு தடவை யோசித்திருப்போம்.

தைப்பூசத்தன்று விடியக் கருக்கலில் ஆற்றங்கரைக்கு அவர் வந்தார். என் வீட்டுக்காரருக்குப் பத்துமலைக்கு ஓடும் ஸ்பெஷல் ரயிலில் வேலை, அதனால் நான்தான் தம்பிக்குப் பக்கத்தில் நின்றேன். வார்டன் ஐயா தம்பியின் நெற்றியில் மூன்று விரலால் விபூதி இழுத்தார். எனக்கும் பூசினார். பூசாரி தம்பியின் நாக்கை இழுத்து வேலைப் பாய்ச்சினபோது, "வேல் வேல்" என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னது அவர்தான். வேல் மறுபக்கம் வரும்வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரில் ஏறிப் போனார். நாங்கள் நடக்கத் தொடங்கினோம். ஊரைத் தாண்டுவதற்குள் காலேஜ் பியூன் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து மறித்தான்.

"உங்கள இப்பவே வரச் சொல்றாங்க. தொர உக்காந்துட்டாரு. வரலன்னா பொய்ப் புகார்னு முடிச்சிருவாங்களாம்."

"யாருய்யா அனுப்புனது?" என்று உறுமிக்காரர் கேட்டார்.

"வார்டன் சாருதான். நேரா ஆத்தங்கரையிலேருந்து வந்தாரு, ஒடனே அனுப்புனாரு. என்ன ஏன்ணே மொறைக்கிறீங்க, நான் சம்பளக்காரன்லா."

கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். போகாதே என்றார்கள், சாமி காரியம் என்றார்கள். தம்பி யாரையும் பார்க்கவில்லை. மேட்டுப் பாதையைப் பார்த்து நடந்தான். வார்டன் ஐயா உள்ளே இருக்கிறார், வேண்டுதல் என்னவென்று அவருக்குத் தெரியும், துரையிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்வார், வேறு நாள் கொடுப்பார்கள் என்று அவன் அப்போதும் நம்பினான். அவனே பிறகு என்னிடம் சொன்னது இது. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு பின்னால் போனேன்.

துரையின் அறைக்கு வெளியே வராந்தாவில் என்னை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது. துரை மேசைக்குப் பின்னால், வெள்ளை உடுப்பில். பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வார்டன் ஐயா. அவசரத்தில் நெற்றி விபூதியை அழித்திருந்தார், காதோரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி கைகூப்பி வணங்கி, நாக்கைக் காட்டி, கையை மேலே தூக்கிப் பத்துமலைத் திசையைக் காட்டினான். துரை வார்டனைப் பார்த்தார். வார்டன் ஐயா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சாதாரணமாக, தேதி சொல்வதுபோலச் சொன்னார். தம்பியின் முகம் அந்தக் கணத்தில் விழுந்துபோனதைப் பார்த்தேன். என்ன சொன்னார் என்பது எனக்கு அன்று சாயந்திரம்தான் தெரிந்தது. "உங்கள் விதியைக் கேலி செய்வதற்காக இப்படி வந்து நிற்கிறான் ஐயா. எங்களில் படித்தவர்கள் இந்த மாதிரிச் செய்வதில்லை" என்றாராம்.

பிறகு தமிழில் பேசினார். "ம், பேசுப்பா. பேசணும்னுதான கேட்ட? தட்டக் கவுத்தீங்க, பேச வழி விட்டாச்சு. பலகையிலயும் ஒட்டியாச்சு. தொர காத எடுத்து நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, பேசேன்." துரை சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வார்டன் ஐயா சிரித்தார். "முருகன் வந்து இங்கிலீஷ்ல பேசட்டும்னு பாக்கறியா?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதிகம் படித்தவள் இல்லை. அவன் பேசினால் என் உயிர். பேசாவிட்டால் கொடிக்கம்பத்தின் கீழே விழுந்த பிள்ளைக்காக யாருமே பேசவில்லை என்று ஆகிவிடும். அவன் கை வேலுக்குப் போகவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. மேசைமேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தலையிலிருந்த பால்குடத்தை இறக்கினேன். மலை ஏறுமுன் அதைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தேன். பியூன் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தம்பியின் முன்னால் நின்றேன். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று.

"ஏம்மா, அது ஒன் உசுருக்கு வச்ச வேண்டுதல். தெரியும்ல?" என்றார் வார்டன் ஐயா.

"தெரியும்ங்க ஐயா. ஒங்களுக்குந்தான் தெரியுமே" என்றேன்.

முருகா என்று சொல்லி வேலைப் பிடித்து இழுத்தேன். பூசாரி எடுத்தால் ஒரு சொட்டு வராது, விபூதி வைத்து அழுத்தி நேராக எடுப்பார். நான் கோணலாக இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. ரத்தம் மோவாயில் இறங்கி நெஞ்சில் வழிந்தது. தம்பி துரையைப் பார்த்துத் திரும்பிப் பேசத் தொடங்கினான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கேரித் தீவுப் பிள்ளையின் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது, அதை இரண்டு மூன்று தடவை சொன்னான். பேசப் பேச ரத்தம் தெறித்தது. மேசைவரை தெறித்தது. துரை காகிதங்களை இழுத்து ஓரமாக வைத்தார். இன்னும் தெறித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கால்சட்டையில் படாமல் இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். தம்பி நிறுத்தவில்லை. சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். துரை ஒரே வார்த்தை ஏதோ சொன்னார். வார்டன் ஐயா பியூனைக் கூப்பிட்டார். பியூன் வாளியும் துணியும் கொண்டுவந்து, எங்கள் காலடியில் குந்தித் தரையைத் துடைத்தான்.

பலகையில் ஒட்டிய ஒழுங்கின்படி எல்லாம் நடந்தது. ஒருவர் மட்டும் வர வேண்டிய இடத்தில் வெளியார் ஒருத்தி நுழைந்தாள், சொன்னது தெளிவாகக் கேட்கவில்லை, ஆகையால் புகார் பொய் என்று தீர்ந்தது. தம்பியின் தகரப் பெட்டியைக் கேட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மற்றப் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உனக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்களாம். எல்லாருக்கும் வீட்டில் தாய் தகப்பன் இருந்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். தம்பி அவர்களைக் குற்றம் சொன்னதே இல்லை.

கீழே வைத்த பால் ஆகாது என்று பூசாரி சொல்லியும் நான் அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். தம்பி வாயில் துண்டை வைத்துக்கொண்டு கூடவே வந்தான். முருகன் அந்தப் பாலை ஏற்றுக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உயிரோடு இருக்கிறேன், பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது வார்டன் ஐயா சந்நிதியில் பாடிக்கொண்டிருந்தார். குரல் அதே குரல். எனக்குக் கண்ணீர் வந்தது. அதை நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன். தம்பியின் நாக்குப் புண் சீழ் வைத்து ஆறியது. ஆறிய பிறகும் பேச்சு பழையபடி வரவில்லை, வார்த்தை வழுக்கும். இங்கிலீஷ் பேசுவதை விட்டுவிட்டான். அண்ணன்கூடவே ரயிலுக்குக் கரி அள்ளப் போனான். அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் போயிற்று, போன மாசிக்கு அவனும் போய்விட்டான். என் பேரன் படிக்கிற பெரிய காலேஜிலும் மாணவர்கள் கூட்டம் போட வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டுமாம். "கேட்டா குடுப்பாங்க பாட்டி" என்கிறான். நல்ல பிள்ளை.

தம்பி வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள், கேரித் தீவிலிருந்து அந்தப் பையனின் தாய் எங்கள் லைனைத் தேடி வந்தாள். படகு ஏறி, கிள்ளானில் ரயில் ஏறி, கேட்டுக் கேட்டு வந்திருந்தாள். மடியில் இரண்டு சீப்பு வாழைப்பழம். பால்மரக் கறை படிந்த கை. உட்காரச் சொன்னால் உட்காராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"எம்மவனப் பத்திப் பெரிய தொரகிட்டப் பேசுன தம்பி நீங்கதானா?"

"ஆமாம்மா."

"என்னா சாமி சொன்னீங்க?"

தம்பி அன்றுதான் அதைத் தமிழில் சொன்னான். நானும் அன்றுதான் கேட்டேன். புழுவைப் பற்றிச் சொன்னான், கொடிக்கம்பத்தைச் சொன்னான், காய்ச்சலோடு அவன் கெஞ்சியதைச் சொன்னான். புண் நாக்கு, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அழவில்லை.

"இம்புட்டையும் கேட்டுட்டுத் தொர என்னா செஞ்சாரு?"

தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான். "எந்திரிச்சு நின்னாரும்மா."

"எந்திரிச்சா?" அவள் ஒரு படி மேலே ஏறிவிட்டாள். "வெள்ளக்காரத் தொர, எம்மவனுக்கு எந்திரிச்சு நின்னாரா?"

"ஆமாம்மா."

அவளுக்கு நம்ப முடியவில்லை. அடுப்படி வாசலில் நின்ற என்னிடம் திரும்பினாள். "தாயி, நீங்களும் அங்கதான இருந்தீங்களாம். நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன். "எந்திரிச்சுதான் நின்னாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவிழ்ந்திருந்த கொண்டையை அள்ளி இறுக்கி முடிந்தாள். கடைசிப் படகு போவதற்குள் போக வேண்டும் என்றாள். "தோட்டத்து லயத்துல எல்லாத்துக்கும் சொல்லணும் தாயி" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.